ராக்லன்: அலைக்கு அந்தப் பக்கம் ஒரு நிலம்

நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். ராக்லனில் யாருக்கும் அவசரமே இல்லை. வெறுங்காலோடு கடைக்குள் நுழைகிறார்கள். காரின் கூரையில் அலைச்சறுக்குப் பலகை. மணல் கறுப்பு, இரும்புத் தாது கலந்த எரிமலை மணல். மானு பே விரிகுடாவில் அலை இடப்பக்கமாக நீண்டு உடைகிறது. 1966இல் வெளிவந்த 'தி எண்ட்லெஸ் சம்மர்' ஆவணப்படம் அந்த அலையை உலகத்துக்குக் காட்டியது. 'ஜாலியான ஊர்' என்ற பெயர் அப்போதிலிருந்து ஒட்டிக்கொண்டது.

ஊரின் பழைய பெயர் ஃபாயிங்கரோவா. மாவோரி மொழியில் 'நீண்ட தேடல்' என்று பொருள். கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படையை நடத்திய ராக்லன் பிரபுவின் பெயரை 1858இல் சூட்டினார்கள். அந்த மனுஷன் இந்தக் கடலைப் பார்த்ததே இல்லை.

ஊர் நடுவிலிருந்து நடைபாலத்தில் போனேன். சிறுவர்கள் கம்பியின் மேல் ஏறிக் கழிமுகத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அக்கரையில் தெ கோபுவா. இரண்டாம் உலகப் போரின்போது, விமானத்தளம் வேண்டும் என்று அரசு தைனுயி ஆவிரோ மக்களிடமிருந்து எடுத்துக்கொண்ட நிலம் இதுதான். போர் முடிந்தது. நிலம் திரும்பவில்லை. 1969இல் அதன் ஒரு பகுதி கோல்ஃப் மைதானமானது. முன்னோர்களைப் புதைத்த மண்ணில் பந்து உருண்டது.

எனக்கு உறைத்தது இதுதான்: அங்கே கோல்ஃப் ஆடியவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் ஓய்வெடுக்க வந்தவர்கள். பறித்தது அரசு. ஆனால் பறித்ததை மறக்க வைத்தது அந்த ஓய்வுதான். துப்பாக்கியை எதிர்த்து நிற்பவனுக்கு அனுதாபம் கிடைக்கும். பிறர் பொழுதுபோக்கைக் கெடுப்பவனுக்கு என்ன கிடைக்கும்? 'இவங்களுக்கு வேற வேலை இல்லை' என்ற சலிப்புதான்.

அந்தச் சலிப்பைச் சந்தித்தவர் ஈவா ரிக்கர்ட். மாவோரி நிலத்துக்காக நாடே நடந்த 1975 பேரணியில் அவரும் இருந்தார். 1978 பிப்ரவரியில் கோல்ஃப் மைதானத்தின் ஒன்பதாவது குழி அருகே அத்துமீறி நுழைந்ததாக அவரையும் தோழர்களையும் கைது செய்தார்கள். தன் பாட்டன் பூட்டன் மண்ணில் அவர் அத்துமீறியவராம்! பிறகு அரசு இறங்கி வந்தது. ஆனால் சொந்த நிலத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னது. அவர்கள் விடவில்லை. 1980களில் நிலம் திரும்பியது. அங்கே இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். ஈவா 1997இல் இறந்தார்.

கடற்கரை ஊர்களுக்குப் போகும்போது அலை எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரிக்கிறோம். இந்த நிம்மதி யாருடைய நிலத்தில் விரித்த பாய் என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். அதனால் விடுமுறை ஒன்றும் கெட்டுவிடாது. ராக்லனின் அலை இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. 'நீண்ட தேடல்' என்ற பெயரும் இப்போது எனக்கு வெறும் பெயராகத் தெரியவில்லை.