பவானி தேவி, சி. ஏ.

சென்னை வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த வாள்வீச்சு வீராங்கனை (பிறப்பு: 27 ஆகஸ்ட் 1993); ஒலிம்பிக் வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியர். 2004இல் பள்ளியில் இந்த விளையாட்டுக்கு வந்தார். வாளின் விலை எட்டாததால் ஆரம்பப் பயிற்சி மூங்கில் குச்சியில்தான். பிறகு தலச்சேரியிலும் இத்தாலியிலும் பயிற்சி. அவரது ஆயுதம் சேபர்: குத்தலாம், வெட்டலாம், இடுப்புக்கு மேலே பட்டால்தான் புள்ளி. ஒவ்வொரு மோதலும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021) துனிசியாவின் நாடியா பென் அசிசியை 15-3 என வென்று, அடுத்த சுற்றில் பிரான்ஸின் மனோன் ப்ரூனேயிடம் 7-15 எனத் தோற்றார். தோற்றதற்கு நாட்டு மக்களிடம் மன்னிப்பும் கேட்டார், கேட்டிருக்கவே வேண்டியதில்லை. அதே ஆண்டு அர்ஜுனா விருது. 2023இல் சீனாவின் வூசி நகரில் உலகச் சாம்பியன் மிசாகி எமுராவை 15-10 என வீழ்த்தி, ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியாவின் முதல் பதக்கமான வெண்கலத்தை உறுதிசெய்தார். அரையிறுதி கைநழுவியது ஒரே புள்ளியில்: 14-15.