கட்டுச்சோறும் கணினிமொழியும்



"கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?" என்பது நம் நாட்டுப் பழமொழி. வழிப்போக்கனுக்குச் சோறு கட்டிக் கொடுப்பதுபோல, ஒரு மென்பொருளோடு சிறியதொரு நிரல்மொழியையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் வழக்கம் கணினி உலகில் உண்டு. அவ்வழக்கத்தின் வரலாற்றையே இன்று சொல்ல எண்ணுகிறேன். அதை ஆராயும்படி என்னைத் தூண்டியது ஒரு தோல்வி.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஊர்ப்பெயர்களை நான் ஒரு பட்டியலாகத் தொகுத்து வந்தேன். 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் இணைந்து, 2007-இல் திரும்பவும் தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும் ஊர்ப்பெயர்கள் மாறவில்லை. அவற்றுள் 'ஊர்' என முடிவன எத்தனை, 'புரம்' என முடிவன எத்தனை, 'பாளையம்' என முடிவன எத்தனை என்று அறிய விரும்பினேன்.

எளிய வேலைதானே என்று தோன்றும். ஆனால் 'ஊர்' என்று தேடினால் அரியலூர் அகப்படாது! அங்கே ஊகாரம் லகரத்தோடு கூடி 'லூ' என உயிர்மெய்யாகி நிற்கிறது. சாத்தனூரும் அவ்வாறே. நாம் ஐந்து எழுத்தாக எண்ணும் 'அரியலூர்' என்னும் சொல்லை, யூனிகோடு முறை எட்டுக் குறிகளாகக் கொள்கிறது; யூ.டி.எஃப்-8 வடிவில் அது இருபத்து நான்கு பைட்டுகளாகிறது. ஆகவே, அட்டவணை மென்பொருளுக்குள் இயங்கும் பைத்தான் நிரல் ஒன்றைச் சில வரிகளில் எழுதினேன். என் வீட்டுக் கணினியில் அது செம்மையாக இயங்கியது. பெரம்பலூரில் ஒரு பள்ளியின் கணினிக்கு எடுத்துச் சென்றேன். மாணவர் சூழ்ந்து நிற்க, நிரலின் முதல் தமிழெழுத்தைக் கண்டவுடனேயே அது நின்றுவிட்டது! என் முகம் வாடியது. பிழை எங்கே?

விடை காண, சற்றே பின்னோக்கிச் செல்லவேண்டும். மென்பொருளை ஆக்கியோன் ஒருவன், ஆள்வோர் பலர். எல்லாருடைய தேவையையும் ஆக்கியோன் முன்னறிய இயலுமோ? ஆகவே, ஆள்வோரே தம் தேவைக்கேற்ப ஏவும்படி, மென்பொருளுக்குள் ஒரு மொழியை வைத்தனர் அறிஞர். 1985-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் வெளியிட்ட குனூ ஈமேக்ஸ் என்னும் எழுதுகருவி, லிஸ்ப் மொழியின் ஒரு வகையைத் தன்னுள் கொண்டிருந்தது. 1998-இல் வெளிவந்த கிம்ப் 1.0 என்னும் பட மென்பொருள், ஸ்கீம் மொழியை ஏந்தி வந்தது. சன் நிறுவனம் 2000-இல் தன் ஸ்டார் ஆபீஸ் மூலநிரலைப் பொதுவாக்கியது. அதிலிருந்து ஓப்பன் ஆபீஸ் பிறந்தது. 2003-இல் அதன் 1.1 பதிப்பு பைத்தான் மொழியையும் உடன் கட்டிக்கொண்டு வந்தது.

ஏன் கட்டிக்கொண்டு வரவேண்டும்? விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் ஒரே மென்பொருள் இயங்கவேண்டும். லினக்ஸ் வழங்கல்களிற் பெரும்பாலானவற்றில் பைத்தான் முன்னரே உண்டு. விண்டோஸில் அது இயல்பாக இல்லை. மேக்கில் நெடுங்காலம் இருந்த பைத்தான் 2.7, 2022-இல் 12.3 பதிப்போடு நீக்கப்பட்டது. சத்திரம் உள்ள வழியில் சோறு கட்டவேண்டியதில்லை. சத்திரம் இல்லாத வழியில் கட்டாமற் செல்லலாகாது. இணைய வசதி குறைந்த சிற்றூர் மாணவனுக்கு, நிறுவும்போதே மொழியும் உடன் வருவது பெருநன்மை அன்றோ?

ஆனால் கட்டுச்சோறு ஊசிப்போகும். பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008-இல் வந்தது. சரங்கள் யாவும் யூனிகோடு எனக் கொள்ளும் அப்பதிப்பு, தமிழெழுத்தில் மாறிகளுக்குப் பெயரிடவும் இடந்தந்தது. 2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து கிளைத்த லிப்ரே ஆபீஸ், 2013-இல் தன் 4.0 பதிப்போடு பைத்தான் 3.3-ஐ ஏற்றது. அப்பாச்சி ஓப்பன் ஆபீஸின் 4.1 வரிசையோ, பழைய 2.7-ஐயே சுமந்து வந்தது. 2020-ஆம் ஆண்டோடு அம்மொழிப் பதிப்பைப் பேணுவதை அதனை ஆக்கியோர் நிறுத்திவிட்டனர். பேணுவாரற்ற பதிப்பில் பாதுகாப்புக் குறை தோன்றினால், மென்பொருளைக் கட்டுவோரே அதனைச் சுமக்கவேண்டும். இதனாலேயே லினக்ஸ் வழங்குநர் பலர், கட்டை அவிழ்த்துப் பொதுப் பைத்தானையே ஆளச் செய்கின்றனர்.

இப்போது என் தோல்வியின் காரணம் விளங்கும். வீட்டில் இருந்தது லிப்ரே ஆபீஸ். பள்ளியில் இருந்தது பழைய ஓப்பன் ஆபீஸ். எழுத்துமுறை இன்னதென்று முதலிலேயே அறிவிக்காத நிரலில் தமிழெழுத்து வந்தால், பைத்தான் 2.7 ஏற்காது. அறிவித்திருந்தாலும், நான் மாறிகளுக்கு இட்ட தமிழ்ப் பெயர்களை அது ஏற்றிராது. பள்ளியின் மீதோ கணினியின் மீதோ குற்றமில்லை. எந்தச் சோறு எந்தக் கட்டில் உள்ளது என்று பாராமற் சென்றது என் குற்றமே. லிப்ரே ஆபீஸை நிறுவியபின், ஒரு வரியும் மாற்றாமல் அந்நிரல் இயங்கியது. மாணவர்கள் தத்தம் ஊர்ப்பெயரைத் திரையில் தேடிக் கண்டு மகிழ்ந்தனர்.

மாணவர்களே! தமிழ்நாட்டுப் பாடநூல்களில், 2018-இல் வந்த பதினோராம் வகுப்பு நூல் ஓப்பன் ஆபீஸைக் கற்பித்தது. 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் பைத்தானைக் கற்பித்தது. இரண்டும் வெவ்வேறு பாடங்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஒன்றன் உள்ளேயே மற்றொன்று காத்திருக்கிறது. கட்டிக் கொடுத்த சோறு சில நாளைக்கே. சமைக்கக் கற்றவனுக்கோ என்றும் உணவு உண்டு. உடன் கட்டித் தரப்படும் மொழி, உண்ணத் தரும் சோறு மட்டுமன்று. சமைக்கத் தரும் அடுப்பும் ஆகும். அதை மூட்டுவது உங்கள் கையில் இருக்கிறது.