வால்டாக்ஸ் ரோடு: யாரும் கட்டாத வரி

சின்ன வயதில் வால்டாக்ஸ் ரோடு என்ற பெயரைக் கேட்டதும், "வாலுக்குக்கூட வரி போடுவாங்களாப்பா?" என்று அப்பாவைக் கேட்டிருக்கிறேன். பி.காம். சேர்ந்து வருமான வரிப் பாடத்தோடு மல்லுக்கட்டும்போதுதான் அந்தப் பெயர் மறுபடி உறுத்தியது. அது நம்ம வால் இல்லை, ஆங்கில 'வால்'. சுவர் வரி!

1746ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1749ல் ஊர் திரும்பக் கிடைத்ததும், கோட்டையை ஒட்டி வடக்கே இருந்த கறுப்பர் நகரம் எதிரிக்கு மறைவிடமாகிறது என்று கம்பெனி அங்கே மிச்சமிருந்ததையும் இடித்துத் தள்ளியது. இன்றைக்கு ஹைகோர்ட் நிற்பது அந்த இடத்தில்தான். வீடு இழந்தவர்கள் இன்னும் வடக்கே முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டைப் பக்கம் போனார்கள்.

1769ல் ஐதர் அலி படையோடு சென்னை வாசலுக்கே வந்து கம்பெனியைச் சமாதானத்துக்குப் பணிய வைத்தார். அந்த பயத்தில்தான் புதுக் கறுப்பர் நகரத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் சுவர் எழும்பியது. கட்டிய கான்ட்ராக்டர் பால் பென்ஃபீல்ட். கம்பெனி எஞ்சினியராக வந்து, பிறகு ஆற்காட்டு நவாபுக்கே வட்டிக்குக் கடன் கொடுத்த ஆசாமி! 1785ல் எட்மண்ட் பர்க் லண்டன் பார்லிமெண்டில் இவரைக் கிழி கிழியென்று கிழித்தார்.

சரி, சுவருக்கு யார் பணம் கொடுப்பது? உள்ளே இருக்கிற ஜனங்கள்தான் என்று கம்பெனி கணக்குப் போட்டது. வீட்டை இடித்ததும் அவர்களே, பாதுகாப்புக்கு பில் நீட்டப் பார்த்ததும் அவர்களே. இதை எந்தத் தலைப்பில் பற்று எழுதுவது என்று எனக்குப் புரியவில்லை. நல்லவேளை, அந்த வரி வசூலாகவே இல்லை. பெயர் மட்டும் மேற்குச் சுவரை ஒட்டிய ரோட்டுக்கு நின்றுவிட்டது. ரோட்டின் அரசாங்கப் பெயர் வ.உ.சி. சாலை, வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் விட்டவர் பெயர் இருந்தும், நாம் கூப்பிடுவதென்னவோ வால்டாக்ஸ்தான். பக்கத்து யானைக்கவுனியும் அந்தச் சுவரின் ஒரு வாசல்தான். கவுனி என்றால் கோட்டை வாசல்.

சுவரில் பெரும்பகுதி போய்விட்டது. பழைய ஜெயில் ரோட்டில் ஒரு துண்டு மட்டும் மிச்சம். போன மாதம் தேடிப் போனேன். டீக்கடையில் "பழைய கோட்டைச் சுவர் எங்கண்ணே?" என்றதற்கு உதட்டைப் பிதுக்கினார். கொஞ்சம் விளக்கியதும், "அட, மாடிப் பூங்காவா? அத மொதல்ல சொல்லக் கூடாதா!" என்றார். சுவரின் மேலேயே பூங்கா, அதனால் மாடி. தினமும் பார்க்கிறவருக்கு அது சுவரே இல்லை.

வகுப்பு நண்பர்களே, போக நினைத்தால் தங்கசாலையில் இறங்கி நடங்கள். வழி கேட்கும்போது மட்டும் சுவர் என்று கேட்காதீர்கள்.