ஜெர்மானிய இல்லங்களின் கிறிஸ்துமஸ் பணியாரங்கள்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் அதன் கல்வெட்டுகளையும் உடன்படிக்கைகளையும் தேடிப் படிக்கின்றனர். அந்நாட்டுத் தாய்மார் வழிவழியாகக் காத்துவரும் சமையற் குறிப்பேடுகளைத் தேடிப் படிப்போர் மிகச் சிலரே. ஆயினும், சமயக் கட்டளை, கடல் வாணிகம், இரசாயனக் கண்டுபிடிப்பு, போர், பிரிவு ஆகிய அனைத்தும் ஒரு பிடி மாவுக்குள் எங்ஙனம் கலந்து நிற்கின்றன என்பதைக் காண, ஜெர்மானியர் கிறிஸ்துமஸ் விழாவுக்காகத் தம் இல்லங்களில் செய்யும் பணியாரங்கள் சிறந்த சான்றாகும். அவற்றின் கதையைச் சிறிது நோக்குவோம்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் வரும் நான்கு வாரங்களைத் திருவருகைக் காலம் என்பர். வெளியே பனி பெய்யும் அந்நாட்களில் ஜெர்மானிய வீடுகளில் அடுப்பு ஓய்வதில்லை. அப்போது செய்யப்படும் பண்டங்களுள் மூன்று வகை தலையாயவை. தேனும் நறுமணச் சரக்குகளும் சேர்ந்த 'லேப்கூகன்' ஒன்று. உலர்ந்த திராட்சையும் வாதுமைப் பருப்பும் நிறைந்த 'ஷ்டோலன்' என்னும் நீண்ட ரொட்டி மற்றொன்று. பல வடிவங்களில் சுட்டெடுக்கும் சிறு பிஸ்கோத்துகள் மூன்றாவது வகை.

இவற்றுள் லேப்கூகனுக்குப் பெயர் பெற்ற நகரம் நூரன்பெர்க். அந்நகரைச் சூழ்ந்த பேரரசுக் காட்டில் தேன் எடுப்போர் வாழ்ந்தனர். அவர்களுக்கு நான்காம் சார்லஸ் மன்னர் 1350-ஆம் ஆண்டில் உரிமைகள் வழங்கினார். வெனிஸ் நகரத்திலிருந்து வந்த சரக்குகள் நூரன்பெர்க் வணிகர் கைக்கு எளிதில் கிட்டின. தேனும் சரக்கும் ஓரிடத்தில் கூடியதால் அப்பணியாரம் அங்கே தழைத்தது. அதனைச் செய்வோர் 1643-ஆம் ஆண்டில் தனித் தொழிற் சங்கமாக அமைந்தனர்.

சாக்ஸனி, சைலீசியா முதலிய பகுதிகளில் இதற்கு 'மிளகு ரொட்டி' என்னும் பொருள்படும் பெயர் வழங்குகிறது. பெரும்பாலும் இதில் மிளகு சேர்ப்பதில்லை. தொலைநாட்டிலிருந்து வந்த இலவங்கப்பட்டை, கிராம்பு, ஏலம், சாதிக்காய் ஆகிய யாவற்றையும் அக்கால மக்கள் 'மிளகு' என்றே பொதுவாகச் சுட்டியதால் அப்பெயர் நின்றுவிட்டது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய சொற்கள் தனி இன்பம் தருவன. மிளகைக் குறிக்கும் 'ஃபெஃபர்' என்னும் ஜெர்மன் சொல், இலத்தீனும் கிரேக்கமும் வழியாக நம் நாட்டுப் 'பிப்பலி' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. சர்க்கரையைக் குறிக்கும் 'ட்சுக்கர்' என்னும் சொல்லும் வடமொழிச் 'சர்க்கரா'வின் வழித்தோன்றலே. 1505-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியக் கப்பற்படை இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, ஔக்ஸ்பர்க் நகர வணிகரான வெல்சர், ஃபுக்கர் குடும்பத்தாரும் அதில் பொருள் முதலீடு செய்தனர். வெல்சரின் முகவராக மலையாளக் கரைக்கு வந்து சென்ற பால்த்தசார் ஷ்பிரிங்கர் எழுதிய பயணக் குறிப்பு 1509-ஆம் ஆண்டில் அச்சாயிற்று. பனிநாட்டுக் கிறிஸ்துமஸ் மணத்தில் நம் நாட்டுக் காடுகளின் மணமும் கலந்திருப்பது இவ்வாறுதான்.

இனி ஷ்டோலனைக் காண்போம். வெண்சர்க்கரை போர்த்திய இதன் உருவம், துணியில் பொதிந்த குழந்தை இயேசுவை நினைவூட்டுவதாகக் கூறுவர். சாக்ஸனியின் டிரெஸ்டன் நகர மருத்துவ இல்லமொன்றின் 1474-ஆம் ஆண்டுக் கணக்கில் இதன் பெயர் காணப்படுகிறது. ஆனால் அந்நாளைய ஷ்டோலன் சுவையற்ற பண்டம். திருவருகைக் காலம் அப்போது நோன்புக் காலமாக இருந்தது. பாலும் வெண்ணெயும் விலக்கப்பட்டிருந்தன. மாவையும் நீரையும் எண்ணெயையும் மட்டுமே கொண்டு ரொட்டி சுட வேண்டியிருந்தது. இத்தாலியில் ஒலிவ எண்ணெய் நிரம்பக் கிடைக்கும். சாக்ஸனியில் ஒலிவ மரமே இல்லை. ஒரே நோன்பு விதி ஒரு நாட்டாருக்கு எளிதாகவும் மற்றொரு நாட்டாருக்குப் பெருந்துன்பமாகவும் அமைந்தது.

சாக்ஸனியின் ஆட்சியாளர் ரோமாபுரிக்கு விண்ணப்பித்தனர். 1491-ஆம் ஆண்டில் போப்பாண்டவர் எட்டாம் இன்னொசெந்து விலக்கு அளித்தார். 'வெண்ணெய்க் கடிதம்' என்று வரலாற்றில் பெயர் பெற்றது அதுவே. வெண்ணெய் உண்ண விரும்புவோர் காணிக்கை செலுத்த வேண்டும் என்பது நிபந்தனை. ஃபிரைபெர்க் பேராலயத் திருப்பணிக்கு அக்காணிக்கை பயன்பட்டது. பணம் பெற்று நோன்புக்கு விலக்கு அளிக்கும் இம்முறையை மார்ட்டின் லூதர் 1520-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் கடுமையாகக் கண்டித்தார். பின்னர் சாக்ஸனி சீர்திருத்தச் சமயத்தைத் தழுவவே அவ்விதி மறைந்தது, வெண்ணெய் நிலைத்தது. இன்று டிரெஸ்டன் ஷ்டோலன் எனப் பெயர் பெறுவதற்கு, ஒரு கிலோ மாவுக்கு வெண்ணெய் 500 கிராம், உலர்ந்த திராட்சை 650 கிராம், சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் 200 கிராம், வாதுமைப் பருப்பு 150 கிராம் ஆகியவை குறைந்த அளவாகச் சேர வேண்டும். ஒரு காலத்தில் ஒரு துளி வெண்ணெய்க்கும் அனுமதி வேண்டிய பண்டம், இன்று அது குறைந்தால் பெயரையே இழந்துவிடும்!

இதுவரை கூறியவை அரசரும் சங்கத்தாரும் பற்றியவை. இப்பணியாரங்கள் எளிய குடும்பங்களின் அடுக்களைக்கு வந்தது எவ்வாறு? நெடுங்காலம் சர்க்கரை செல்வர் பொருளாகவே இருந்தது. பெர்லினில் ஆந்திரேயாஸ் மார்க்கிராஃப் என்னும் இரசாயன அறிஞர் 1747-ஆம் ஆண்டில் பீட் கிழங்கில் சர்க்கரை உள்ளதைக் கண்டார். அவர் மாணவர் ஆகார்ட் 1801-ஆம் ஆண்டில் சைலீசியாவில் முதல் பீட் சர்க்கரை ஆலையை நிறுவினார். 19-ஆம் நூற்றாண்டில் சர்க்கரை மலிந்தது. சூளை இணைந்த இரும்பு அடுப்பு வீடுகளில் புகுந்தது. பீலெஃபெல்ட் நகர மருந்துக் கடைக்காரர் ஔகுஸ்ட் எட்கர், 1890-களில், ஒரு பவுண்டு மாவுக்குப் போதுமான ரொட்டிச் சோடாக் கலவையைச் சிறு பொட்டலங்களாக விற்கத் தொடங்கினார். மாவு பொங்குமோ பொங்காதோ என்னும் அச்சம் இல்லத்தரசியரை விட்டு நீங்கியது. ஆசிரியையாகப் பணியாற்றிய ஹென்ரியெட்டே டாவிடிஸ் 1845-ஆம் ஆண்டில் வெளியிட்ட சமையல் நூல், பல பதிப்புகள் கண்டு, மணமகளுக்கு அளிக்கும் பரிசாகவே ஆயிற்று.

ஆயினும் அச்சு நூலுக்கு அப்பால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தனிப் பக்குவம் உண்டு. 'ஷ்பிரிங்கர்லே' என்னும் பிஸ்கோத்துக்கு மாவின்மேல் மர அச்சை அழுத்தி உருவம் பதிப்பர். அவ்வச்சு தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகச் செல்லும். சாக்ஸனியில் பல குடும்பத்தார் தாமே பொருள்களைச் சேர்த்து ரொட்டி சுடுவோரிடம் கொண்டுபோய்க் கொடுத்துச் சுட்டுக்கொள்வது வழக்கம். ஒருவர் ரொட்டி மற்றொருவருக்குப் போய்விடாதிருக்க, குடும்பப் பெயர் பொறித்த சிறு தகட்டை மாவில் குத்திவைப்பர். சுட்ட ரொட்டியைக் குளிர்ந்த இடத்தில் சில வாரம் வைத்திருந்து, விழா நாளில் நடுவில் வெட்டித் துண்டெடுத்து, இரு பாதியையும் மீண்டும் நெருக்கி வைப்பர். அதனால் உட்புறம் உலர்வதில்லை.

இக்குறிப்பேடுகளின் உண்மையான மதிப்பு, குடும்பங்கள் ஊர் பெயர்ந்தபோது விளங்கிற்று. 19-ஆம் நூற்றாண்டில் சுமார் ஐம்பது இலட்சம் ஜெர்மானியர் அமெரிக்கா சென்றனர். டாவிடிஸ் அம்மையாரின் நூல் அவர்களுக்கெனத் தனிப் பதிப்பாக 1879-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் வெளிவந்தது. ஹிட்லரின் ஆட்சி மூட்டிய போர் 1945-ஆம் ஆண்டில் தோல்வியில் முடிந்தபின், கிழக்குப் பகுதிகளிலிருந்து ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜெர்மானியர் வெளியேற நேர்ந்தது. கேனிக்ஸ்பெர்க் நகரம் இன்று கலினின்கிராட் என்னும் பெயரில் ரஷ்யாவில் இருக்கிறது. ஆனால் வாதுமையையும் சர்க்கரையையும் அரைத்து, மேற்புறம் பொன்னிறமாகச் சுடும் 'கேனிக்ஸ்பெர்க் மார்சிபன்' அப்பழம் பெயருடனேயே ஜெர்மனியில் வாழ்கிறது. சைலீசியாவை இழந்தோர் தம் கசகசாப் பணியாரத்தை இழக்கவில்லை.

1949-ஆம் ஆண்டில் ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தபின் நிகழ்ந்தது இன்னும் உருக்கமானது. டிரெஸ்டன் கிழக்கு ஜெர்மனியில் அமைந்தது. அங்கே அந்நியச் செலாவணி தட்டுப்பாட்டால் திராட்சையும் வாதுமையும் அரிதாயின. பாகில் ஊறிய எலுமிச்சைத் தோலுக்கு ஈடாகப் பச்சைத் தக்காளியையும் காரட்டையும் பாகில் ஊறவைத்துப் பார்த்தனர். அந்நிலையில் மேற்கு ஜெர்மனியிலிருந்த உறவினர், 'அன்பளிப்பு. விற்பனைச் சரக்கன்று' என்று மேலே எழுதிய அஞ்சற் பொதிகளில் திராட்சையும் வாதுமையும் காப்பிக் கொட்டையும் அனுப்பினர். கிழக்கிலிருந்த தாய்மாரும் சகோதரிமாரும் அவற்றைக் கொண்டு ஷ்டோலன் சுட்டு, அதே எல்லையைக் கடந்து மேற்கே திருப்பி அனுப்பினர். 1961-ஆம் ஆண்டில் பெர்லினில் மதில் எழுந்த பின்னும் அப்பொதிகள் நிற்கவில்லை. 1990-ஆம் ஆண்டில் நாடு ஒன்றானபோது, ஒரே பக்குவத்தை இரு பக்கத்தாரும் அறிந்திருந்தனர்.

நோன்பு விதி மாறியது, ஆட்சி மாறியது, சர்க்கரையின் மூலமும் மாறியது. மாற்றத்துக்கு இடங்கொடுத்த காரணத்தாலேயே அப்பணியாரங்கள் நிலைத்தன என்று நாம் கருதுகிறோம். கிடைத்த பொருளைக் கொண்டு சுட்டனர். சுட்டதைப் பிரிந்தோருக்கு அனுப்பினர். சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. நம் அன்னையரும் பாட்டியரும் அளவு சொல்லாமல் கைப்பிடியாலும் கண்மதிப்பாலும் செய்துவரும் பலகாரங்களின் பக்குவத்தை, அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போமாயின், நம் பிள்ளைகள் எவ்வூரில் வாழ்ந்தாலும் அது அவர்களுக்குத் துணையாக நிற்கும்.