பெட்ரோல் பஞ்சத்தில் பிடுங்கிய தண்டவாளம்

1942ஆம் ஆண்டின் முதல் பாதியில் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. போகும்போது ஆங்கிலேயரே சிரியம் சுத்திகரிப்பு ஆலையையும் யெனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளையும் தகர்த்துவிட்டுப் போனார்கள். அந்த எண்ணெயை நம்பியிருந்த இந்தியாவில் 1941லேயே பெட்ரோலுக்குப் பங்கீடு வந்திருந்தது. இப்போது அந்தப் பங்கும் சுருங்கியது. பெட்ரோல் கிடைக்காத ஊருக்கு ரயிலைவிடப் பெரிய துணை வேறு இருக்க முடியாது. ஆனால் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்கு வந்த தொண்ணூறு கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதையின் தண்டவாளங்களைப் போர்த் தேவைக்கென்று கழற்றினார்கள். 1928ல் திறந்த பாதை, பதினைந்து வயதுகூட ஆகவில்லை. அது திரும்பப் போடப்பட்டது 1953-54ல். எண்ணெய் குறையும் காலத்துக்கு அரசு எப்படித் திட்டமிட வேண்டும் என்று இன்று எழுதப்படும் அறிக்கைகள் எல்லாம் புதிதாக என்ன கட்டுவது என்பதிலிருந்தே தொடங்குகின்றன. போடியின் வரலாறோ வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கச் சொல்கிறது. எண்ணெய் மலிவாக இருந்த ஆண்டுகளின் கணக்கை வைத்து எதையெல்லாம் பிடுங்கினோம்?

எண்ணெய் இல்லாமல் போடியை ஒட்டிய மலைச்சரிவில் சரக்கு நகர்ந்த காலம் ஒன்றும் பழங்கதை அல்ல. மூணாறுத் தேயிலை 1902 முதல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்றில் குண்டளை வழியாக டாப் ஸ்டேஷனுக்கு வந்தது. வண்டியின் பாரம் தண்டவாளத்தில் ஓடும் சிறு சக்கரங்களில் இறங்க, பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் தரையில் ஓடிச் சமநிலை காக்கும். இழுத்தது காளை மாடு. 1908ல் அதை இரண்டடி அகல ரயில் பாதையாக்கிச் சின்ன நீராவி எஞ்சின்களை ஓட்டினார்கள். ஆயிரத்து எழுநூறு மீட்டருக்கு மேலே இருக்கும் டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் மாட்டுவண்டியில் போடி. இறங்கும் சரக்குக்குப் புவியீர்ப்பே பாதி எரிபொருள் என்பதைத் தேயிலையை அனுப்பிய தோட்டக் கம்பெனி சரியாகப் பிடித்திருந்தது. கொட்டகுடிக்கு ‘பாட்டம் ஸ்டேஷன்’ என்றும் ஒரு பெயர் நிலைத்தது அதனால்தான். இதே மலையின் ஏலக்காய்க்கு இந்த வசதிகூடக் கிடையாது. மூட்டை தலைச்சுமையாகவும் கழுதைப் பொதியாகவும் மலைப்பாதைகளில் இறங்கியது. இதைப் பொற்காலமாக்கிப் பேசுவது அபத்தம். அந்தப் பாரம் முழுவதும் கூலி ஆட்களின் முதுகில் இருந்தது. 1924 ஜூலை வெள்ளம் குண்டளை ரயிலை ஒரேயடியாக அடித்துக்கொண்டும் போய்விட்டது. ஆனாலும் ஒன்று தெளிவு: இந்தச் சரிவில் எண்ணெயின் ஆட்சிக்கு நூறாண்டு வயதுதான்.

அந்த ஆட்சி தொடங்கிய இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912ல் பஸ் விட்டார். இருபது ஆண்டுகளுக்குள் இந்தியா முழுவதும் பஸ் ரயிலின் வருமானத்தைத் தின்னத் தொடங்கியிருந்தது. அதை ஆராய 1932ல் மிட்செல்-கிர்க்னஸ் குழு, 1937ல் வெட்ஜ்வுட் குழு, முடிவில் பஸ் போட்டிக்குக் கடிவாளம் போட்ட 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அரசு ஒரு பக்கம் ரயிலைக் காப்பாற்றச் சட்டம் போட்டது. மறுபக்கம் கிளைப் பாதைகளை நட்டக் கணக்கு என்று குறித்தும் வைத்தது. போர் வந்து இரும்பு வேண்டியபோது அந்தக் குறிப்பே தீர்ப்பாயிற்று. நாடு முழுவதும் இருபதுக்கும் மேற்பட்ட கிளைப் பாதைகள் கழற்றப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை பஸ்ஸிடம் தோற்று நட்டம் காட்டியவை. பஸ் மலிவான பெட்ரோலில் ஓடி ஜெயித்தது. அந்தப் பெட்ரோல் இல்லாமல் போன வேளையில், தோற்ற பக்கத்துக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

பிறகு ஊர் எப்படிச் சமாளித்தது? கரியில். பஸ்ஸின் பின்புறம் உருளை வடிவ அடுப்பைக் கட்டி, அடுப்புக்கரியை மூச்சுமுட்ட எரித்து, அதில் வரும் வாயுவை வடிகட்டி எஞ்சினுக்கு விடுவது. மதுரை டி.வி.எஸ். நிறுவனமே இந்தக் காஸ் பிளான்ட்டைச் செய்து விற்றது. காலையில் முதல் டிரிப்புக்கு வெகுநேரம் முன்பே அடுப்பை மூட்டி, விசிறியைக் கையால் சுற்றி, வாயு ஏறும்வரை காத்திருக்க வேண்டும். பெட்ரோலில் கிடைத்த இழுவை இதில் கிடைக்காது. ஏற்றம் வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளிய கதையை இன்றும் தமிழ்நாட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் எரிபொருள் காடு. ஒரு ரயில் எஞ்சின் நிலக்கரியில் இழுத்திருக்கக்கூடிய கூட்டத்தைப் பல பஸ்கள் மரத்தை எரித்து இழுத்தன. நெருக்கடி நேரத்துச் சாமர்த்தியத்தைப் புகழும்போது, அந்த நெருக்கடியில் ஒரு பங்கு அரசே உண்டாக்கியது என்பது மறந்துபோகிறது.

போர்க்காலத்து முடிவை அமைதிக்கால அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. படைகளுக்குத் தண்டவாளம் தேவைப்பட்டது உண்மை. ஆனால் போர் முடிந்தது 1945ல், பாதை திரும்பியது எட்டொன்பது ஆண்டு கழித்து. அது போகட்டும். 2010ல் எந்தப் போரும் இல்லை. அந்த ஆண்டு ஜூனில் மத்திய அரசு பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டைக் கைவிட்டது. டிசம்பர் 31 அன்று அகலப்பாதை வேலைக்காகப் போடி ரயில் நிறுத்தப்பட்டது. அதன்பின் 2011 முதல் 2014 நடுப்பகுதி வரை உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் பெரும்பாலும் பீப்பாய்க்கு நூறு டாலருக்கு மேலேயே நின்றது. அந்த ஆண்டுகள் முழுக்க மதுரைக்கும் போடிக்கும் நடுவே ரயில் இல்லை. மதுரை-தேனி எழுபத்தைந்து கிலோமீட்டரும் ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவில் முடிந்து 2022 மே 26ல்தான் திறக்கப்பட்டது. போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன் 15ல். பன்னிரண்டரை ஆண்டு. தொண்ணூறு கிலோமீட்டருக்கு!

பழைய மீட்டர் கேஜ் வண்டி ஊர்ந்துதானே போனது, பஸ் இருக்க யார் அதைத் தேடினார்கள் என்பது அடுத்த வாதம். 1930களில் சொன்னதும் இதேதான். டீசல் மலிவாக இருக்கும்போது ரயிலுக்குக் கூட்டம் குறைவு. அந்தக் கூட்டத்தை எண்ணி முதலீட்டைத் தள்ளிப்போட்டால் வண்டி மேலும் ஊரும், கூட்டம் மேலும் குறையும். காப்பீட்டுப் பாலிசியை விபத்து நடக்காத ஆண்டில் பார்த்து வீண்செலவு என்று சொல்வது போன்றது இது. அரசுக்கு இது தெரியாமலும் இல்லை. 1973 எண்ணெய் நெருக்கடியை அடுத்து எரிபொருள் கொள்கைக் குழு அறிக்கை தந்தது, பி.டி. பாண்டே தலைமையிலான தேசியப் போக்குவரத்துக் கொள்கைக் குழு 1980ல் எரிபொருள் சிக்கனத்தைக் காட்டி ரயிலுக்கும் மின்மயத்துக்கும் முன்னுரிமை கேட்டது. ஆனால் அதே 1980களில் ரயில்வே சில்லறைச் சரக்கைக் கைவிட்டு முழு ரயில் சரக்கின் பக்கம் திரும்பியது. நிலக்கரிக்கும் சிமென்ட்டுக்கும் அது பொருந்தும், மூட்டைக் கணக்கில் நகரும் ஏலக்காய்க்குப் பொருந்தாது. விளைவு, ஏல மையம் இருக்கும் போடியிலிருந்து வடநாட்டுக்குப் போகும் சரக்கு லாரியை நம்பியது. 1950-51ல் நாட்டின் சரக்கில் ஏறத்தாழ 89 விழுக்காட்டைச் சுமந்த ரயில், இன்று மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடத் திணறுகிறது. கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல.

இனி எல்லாம் மின்சார பஸ்தான், இந்தக் கவலை எதற்கு என்பவர்களும் இருக்கிறார்கள். சமவெளிக்கு அந்தப் பதில் ஓரளவு போதும். ஆனால் சிலமலை, தேவாரம் போன்ற அடிவார ஊர்களில் விடியுமுன் கிளம்பும் ஜீப்களைப் பாருங்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இடுக்கி மாவட்டத்துக்குள் போகின்றன. தனியார் வண்டிகள், பெரும்பாலும் பழையவை, அளவுக்கு மேல் ஆட்கள். மாநில எல்லையைத் தாண்டும் இந்தப் பயணத்தை எந்த அரசும் தன் போக்குவரத்தாக எண்ணுவதில்லை. அந்த ஜீப்பின் டீசல் செலவை முதலில் யார் கொடுத்தாலும் கடைசியில் அது கூலியைத்தான் தொடும். பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற திட்டம் இவர்களுக்கு எட்டாததற்கும் எந்த அரசும் இந்தப் பயணத்தைத் தன்னுடையதாக எண்ணாததே காரணம். எண்ணெய் விலை ஏறினால் முதலில் அடிபடுவது இவர்கள். திட்டத் தாள்களில் கடைசியாகக்கூட வராதவர்களும் இவர்களே. இந்த மலை ஏறப் போடி ரயிலால் முடியாது என்பதும் சரிதான். 1900களின் தொடக்கத்தில் இதே மலையில் சரக்கைக் கம்பிவடத்தில் இறக்கியவர்கள், ரயில் ஏறாத இடத்தில் வேறு வழி பார்த்தார்கள். இன்றைய திட்டக்காரர்கள் ஜீப்போடு யோசனையை நிறுத்திக்கொண்டார்கள்.

திரும்பி வந்த போடி ரயில் தினம் ஒரு ஜோடி மதுரை வண்டியோடும், வாரம் மூன்று நாள் சென்னை வண்டியோடும் தொடங்கியது. மலைக்கு ஆள் ஏறும் நேரத்துக்கும் அந்த அட்டவணைக்கும் சம்பந்தமில்லை. இந்த நிலை நீடித்தால் இன்னும் சில ஆண்டில் இந்தப் பாதையும் ‘நட்டம்’ என்ற பட்டியலில் ஏறும். ஆகவே மாநில அரசும் தெற்கு ரயில்வேயும் மூன்று காரியங்கள் செய்ய வேண்டும். போடி நிலையத்தில் ஏலக்காய் மூட்டைகளை ஏற்றும் பார்சல் வசதி. அடிவார ஊர்களிலிருந்து ரயிலுக்கும் மெட்டுக்கும் விடியற்காலை பஸ். எந்தக் கிளைப் பாதையையும் மூடுமுன், டீசல் இரட்டிப்பு விலைக்கு விற்றால் அந்த ஊர் என்ன செய்யும் என்ற கணக்கை வெளியிடும் கட்டாயம். முதல் இரண்டுக்குப் பெரிய பணம் தேவையில்லை. மூன்றாவதற்குத் தேவை ஒரு அரசாணை மட்டுமே.