கெல்லி மாளிகை: பங்களாவும் லயமும்

பேராக் மாநிலத்தில் பத்து காஜாவிலிருந்து கோப்பெங் செல்லும் சாலையோரத்து மேட்டில், கட்டி முடிக்கப்படாத மாளிகை ஒன்று நிற்கிறது. அங்குச் செல்வோர்க்குப் பேய்க்கதைகளும் சுரங்கப்பாதைக் கதைகளுமே முதலில் சொல்லப்படுகின்றன. அதனை எழுப்பிய கைகளைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது. நாம் அங்கிருந்தே தொடங்குவோம்.

ஸ்காட்லாந்தில் 1870இல் பிறந்த வில்லியம் கெல்லி சுமித், இருபது வயதளவில் மலாயா வந்தார். காடு திருத்தும் ஒப்பந்தப் பணியில் பொருளீட்டினார். கிந்தா மாவட்டத்தில் நிலம் வாங்கி ரப்பர் பயிரிட்டார். தம் ஊர்ப்பெயரைச் சேர்த்துத் தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் எனப் பெயரிட்டார். முன்பு கட்டிய வீட்டை ஒட்டி, மகன் பிறந்த 1915இல் பெருமாளிகையைத் தொடங்கினார். உயர்ந்த கோபுரமும், அதனுள் மின்தூக்கிக்கென விடப்பட்ட இடமும், வளைவுகள் நிரம்பிய நடைக்கூடங்களும் அதற்குரியவை. பிரிக்ஃபீல்ட்ஸ்வாசிகளுக்கு இவ்வளவுகள் புதியவை அல்ல. 1910இல் எழுந்த கோலாலம்பூர்ப் பழைய இரயில் நிலையத்தில் அவற்றின் உறவைக் காணலாம். ஆங்கிலேயர் இந்தியாவில் பழகிய முகலாய, மூரிசு பாணியே இரண்டிலும் உள்ளது. கெல்லி மாளிகைக்குச் செங்கல்லும் ஓடும்கூட இந்தியாவிலிருந்து வந்தன. கட்டியோர் மதராசிலிருந்து அழைத்துவரப்பட்ட தமிழ்க் கொத்தர்கள். காரை உதிர்ந்த சுவர்களில் அச்செங்கல் வரிசையை இன்றும் கண்ணாரக் காணலாம்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய் பரவித் தொழிலாளர் பலரைக் கொன்றது. எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டினர், சுமித் இசைந்தார். அக்கோயிலில் தெய்வ உருவங்களுக்கு அருகே வெள்ளுடையில் துரையின் சிலையும் நிற்கிறது. இதனை வெறும் துரை பக்தி என்று சொல்லிவிடுவது எளிது. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. திருப்பணி செய்தவரின் உருவைக் கோயிலில் நிறுத்துவது பழந்தமிழ் வழக்கம். மதுரைப் புதுமண்டபத்தில் நாயக்க மன்னர்களும் அவ்வாறே நிற்கின்றனர். தொழிலாளர் துரையைத் தம் மரபுக்குள் ஓர் உபயகாரராக வைத்தனர். ஆனால் நோயில் மாண்ட கொத்தர்களுக்குச் சிலையில்லை.

1926இல் சுமித் லிஸ்பனில் நிமோனியாவால் இறந்தார். பணி நின்றது; சொத்து கைமாறியது.

தோட்டத்துத் தமிழில் துரையின் வீடு பங்களா, தொழிலாளரின் வீடு லயம். வங்காளத்தின் பெயரிலிருந்து பிறந்து, ஆங்கிலேயரால் எங்கும் பரவிய சொல் முன்னது. பின்னது வரிசையைக் குறிக்கும் ஆங்கில 'லைன்' என்பதன் திரிபு. இசையின் லயத்தோடு அதற்கு உறவில்லை. காலை ஆளெடுப்பைக் குறிக்கும் 'பெரட்டு' ஆங்கிலப் 'பரேடு'. வீட்டின் பெயரே அதில் வாழ்ந்தோரை எண்ணிக்கையாக்கியது.

கெல்லி மாளிகையை அரசு பேணுகிறது, நுழைவுச் சீட்டும் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளானபோது இடிந்த லயங்களுக்கு அளவெடுத்த வரைபடம்கூட அரிது. அடுப்படி எப்பக்கம், திண்ணை எத்தனை அடி, தண்ணீர்க் குழாய் எத்தனை வீட்டுக்கு ஒன்று என்பதைச் சொல்லத்தக்க மூத்தோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். இந்த அவையிலேயே சிலர் இருக்கக்கூடும். அவர்களிடம் கேட்டு எழுதும் பணியை மாணவர் இவ்வாண்டே தொடங்கலாம்.