பூனைக்கும் தாய்ப்பத்திரம்

நிலம் வாங்குகிறவர் முதலில் தாய்ப்பத்திரத்தைக் கேட்கிறார். நிலம் கண்முன் கிடக்க, பழைய தாள் எதற்கு என்று யாரும் நினைப்பதில்லை. பூனை வாங்குகிறவரும் இப்படித் தாள் கேட்பார் என்றால் நமக்குச் சிரிப்பு வரும். அடுப்படியில் சுருண்டு கிடக்கும் பிராணிக்கு வம்சாவளியா? ஆனால் மேலை நாடுகளில் இந்தத் தாளுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

1871 ஜூலை 13ஆம் நாள் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வெயர் என்னும் ஓவியர் ஒரு பூனைக் கண்காட்சி நடத்தினார். 1887இல் அவரைத் தலைவராகக் கொண்டு தேசியப் பூனைக் கழகம் தோன்றியது. பூனைகளின் தாய் தந்தையரைப் பதிவு செய்யும் வழக்கமும் வேரூன்றியது. பந்தயக் குதிரைகளுக்கு இத்தகைய ஏடு 1791இலேயே இங்கிலாந்தில் வந்துவிட்டது. அமெரிக்காவில் பூனைப் பிரியர்களின் சங்கமான சி.எஃப்.ஏ. 1906இல் அமைந்தது.

ஏட்டின் அருமை பர்மியப் பூனையின் கதையில் நன்கு விளங்கும். 1930இல் சான்பிரான்சிஸ்கோ மருத்துவர் ஜோசப் தாம்ப்சனிடம் பர்மாவிலிருந்து ஒரு பழுப்புநிறப் பெண்பூனை வந்து சேர்ந்தது. பெயர் வாங் மாவ். அதன் இனத்துக் கடுவன் அங்கே ஏது? சயாமியக் கடுவனுடன் சேர்த்தார். குட்டிகளில் சில சயாமியப் பூனைபோலவும் சில தாயைப் போலவும் இருந்தன. தாயைப் போன்றவற்றை மீண்டும் இணைத்தபோது, மூன்றாவது வகையாகக் கரும்பழுப்புக் குட்டிகளும் பிறந்தன. கரும்பழுப்பும் கரும்பழுப்பும் சேர்ந்தால் கரும்பழுப்பே பிறந்தது! வாங் மாவ் கலப்பினம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதன் உடலில் பர்மிய நிற ஜீன் ஒன்றும் சயாமிய நிற ஜீன் ஒன்றும் இருந்தன. யார் யாருக்குப் பிறந்தது என்று எழுதி வைத்திராவிட்டால் இது புலப்பட்டிருக்குமா?

1936இல் சி.எஃப்.ஏ. பர்மிய இனத்தை ஏற்றது. வாங்க ஆள் மிகுந்தது, பூனைகளோ குறைவு. வளர்ப்போர் சயாமியப் பூனைகளுடன் கலந்து கொண்டே போனார்கள். குட்டிப் பருவத்தில் நிறம் முழுதாக ஏறுவதில்லை. ஆகவே வாங்குகிறவரின் கண்ணுக்குக் கலப்பு தெரியாது. அத்தகைய இரு கலப்புப் பூனைகளை இணைத்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டி சயாமிய நிறத்தில் பிறக்கும். 1947இல் சங்கம் பர்மியப் பூனைகளின் பதிவையே நிறுத்திவிட்டது. மூன்று தலைமுறை தூய பர்மிய மூதாதையரைக் காட்டவேண்டும் என்ற நிலை வந்தது. 1950களில்தான் தடை நீங்கியது.

ஆனால் தாள் உடல்நலத்துக்குச் சான்று அன்று. 1970களில் அமெரிக்கப் பர்மியப் பூனைகளில் குட்டையான, உருண்டை முகம் கொண்டவை பரிசுகளை அள்ளின. அந்த முகத்துக்குக் காரணமான ஜீன் மாற்றம் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்துவிட்டால், குட்டி மண்டையோடு சிதைந்து பிறந்து மடியும். பரிசு வாங்கிய முகத்துக்குக் கொடுத்த விலை இது. எந்த வழியில் இக்குறை இறங்குகிறது என்பதைத் தேட உதவியதும் அதே வம்சாவளித் தாள்களே. ஏ.எல்.எக்ஸ்.1 என்னும் ஜீனில் உள்ள மாற்றமே காரணம் என்று பின்னர் கண்டறிந்தனர். இன்று விவரமறிந்தவர்கள் பர்மியக் குட்டி வாங்கும்போது, பதிவுத் தாளோடு தாய் தந்தையரின் டி.என்.ஏ. சோதனை முடிவையும் கேட்டு வாங்குகிறார்கள்.